சேமநிதியில் எழும் சமையலறை: கையில் ரசீது இருக்கிறதா?

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே தாமான்களில் சுவர் இடிக்கும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். வாசலில் மணல் குவியல், சிமெண்டு மூட்டை, ஓரமாகக் கழற்றிப் போட்ட பழைய சிங்க். 1980, 90களில் கட்டப்பட்ட மலிவுவிலை வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயதாகிவிட்டது. கூரை ஒழுகுகிறது, குழாய் துருப்பிடித்துக் கிடக்கிறது, பிள்ளைகளும் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். சமையலறையைப் பின்பக்கம் நீட்டி, நடுச்சுவரை எடுத்து, கூடத்துக்குப் புது டைல் போட வேண்டும் என்று ஒரு குடும்பம் ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால், வாழ்நாளில் ஒரே முறை கைக்கு வரும் பெருந்தொகை இந்த வேலைக்குத்தான் போகிறது. அந்தத் தொகை பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் கைமாறுகிறது.

சமையலறையிலிருந்தே வேலை தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1982இல் அரசாங்கம் மலிவுவிலை வீட்டின் விலையை 25,000 ரிங்கிட் என்று நிர்ணயித்தது. 1998இல்தான் இடத்தைப் பொறுத்து 42,000 ரிங்கிட் வரை அது உயர்ந்தது. அந்த விலைக்கு மேம்பாட்டாளர் கட்டித் தந்த வீட்டில் இடம் சுருங்கியது சமையலறையில்தான். 1998இல் வந்த தேசிய வீடமைப்புத் தர அளவுகளின்படி, மலிவுவிலை அடுக்குமாடி வீட்டின் மொத்தப் பரப்பு 63 சதுர மீட்டர். அதில் சமையலறைக்கு வேண்டிய குறைந்தபட்ச இடம் 4.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 48 சதுர அடி. ஒரு கேஸ் அடுப்பு, ஒரு சிங்க், ஒரு குளிர்பதனப் பெட்டி வைத்தால் மீதி இடத்தில் ஒருவர் திரும்பி நிற்கலாம். பொங்கலுக்கு அண்ணி, நாத்தனார் என்று நான்கு பெண்கள் சேர்ந்து சமைக்கும் வீட்டுக்கு அந்த அளவு எந்தக் காலத்திலும் பொருந்தவில்லை.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. லயத்து வீட்டில் குசினி பின்னால் இருந்தது. விறகடுப்பு, புகை, வெளியே வாய்க்கால் ஓரம் பாத்திரம் கழுவும் இடம், எல்லாம் திறந்த வெளியோடு சேர்ந்தவை. (குசினி என்ற சொல்லே போர்த்துகீசியர் விட்டுச் சென்றது. வீட்டுக்குள் ‘கிச்சன்’ வந்த பிறகு அது பாட்டிமார் வாயில் மட்டும் தங்கிவிட்டது.) அந்த வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். ஒரு ஆணி அடிப்பதற்கும் கங்காணியார் முகத்தைப் பார்க்க வேண்டிய காலம் இருந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆகவே, சொந்தப் பெயரில் கிராண்ட் இருக்கும் முதல் வீட்டில் சுவரை உடைத்துத் தன் விருப்பப்படி கட்டுவது என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் அலங்கார வேலை அல்ல. காண்டிராக்டர் சொல்லும் விலையைக் கேட்டதும் பலர் பேரம்கூடப் பேசாமல் தலையாட்டிவிடுவதற்கும் இந்த உணர்வுதான் காரணம்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். வீடு வாங்கவும் கட்டவும் கடனைக் குறைக்கவும்தான் அந்த வாய்ப்பு என்பது பலருக்குத் தெரியாது. இருக்கும் வீட்டைப் புதுப்பிக்க, பழுதுபார்க்க, கூடுதல் அறை கட்ட அந்த வழியில் பணம் எடுக்க முடியாது. 2024 மே 11 முதல் 55 வயதுக்கு உட்பட்டோரின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிந்தபோது, எந்நேரமும் எடுக்கக்கூடிய ‘ஃபிளெக்சிபல்’ கணக்கு வந்தது. புதுச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்குத் தொழிலாளி பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு என்று சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 408 ரிங்கிட் சந்தா. அதில் ஃபிளெக்சிபல் கணக்குக்குப் போவது சுமார் 41 ரிங்கிட், ஆண்டுக்கு 490 ரிங்கிட். சமையலறை வேலை 30,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்கை மட்டும் நம்பினால் அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆகவே உண்மையான பணம் வருவது 50 வயதில் ‘செஜாதெரா’ கணக்கைத் திறக்கும்போது, அல்லது 55 வயதில் முழுச் சேமிப்பும் கைக்கு எட்டும்போது. இன்னும் சிலர் வங்கியில் தனிநபர் கடன் எடுக்கிறார்கள். வங்கி மறுத்தால் வட்டிக்காரனிடம் போகிறார்கள். அதே 30,000 ரிங்கிட், குறைந்தபட்சச் சம்பளக்காரரின் ஒன்றரை ஆண்டு மொத்தச் சம்பளத்துக்குச் சமம். போனால் மறுபடி சேர்க்க அவருக்கு வயது இருக்காது.

இத்தனை பெரிய தொகை எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்தால் வேதனையாக இருக்கும். கோயில் கமிட்டியில் தெரிந்தவர், மச்சான் வீட்டுக்குக் கூரை போட்டவர், தங்கச்சி கல்யாணத்தில் அறிமுகமானவர். “அண்ணே, பாதி போட்டுடுங்க, வர்ற திங்கக்கிழமையே ஆளை இறக்கிடலாம்.” நம்ம ஆள்தானே என்று பணம் ரொக்கமாகப் போய்விடும். சீட்டு கேட்டால் அவர் மனம் கோணும் என்ற கூச்சம். முதல் இரண்டு வாரம் வேலை நடக்கும்: பின்சுவர் இடிபடும், கூரை பிரிக்கப்படும். அப்புறம் ஆள் வருவது குறையும். தொலைபேசி மணி மட்டும் அடிக்கும். சமையலறை இல்லாத வீட்டில், வாசலில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்தபடி தீபாவளியைக் கழிக்கும் நிலை வந்துவிடும்.

இவர்கள் எல்லாரையும் மோசடிக்காரர் என்று ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. சிறு காண்டிராக்டரிடம் கைமுதல் கிடையாது. ஹார்ட்வேர் கடையில் கடன் ஏறியிருக்கும், ஆட்களுக்கு வாரக் கூலி தர வேண்டும். முதல் வீட்டின் வேலையை முடிக்க இரண்டாம் வீட்டின் முன்பணம் தேவைப்படும், இரண்டாம் வீட்டை முடிக்க மூன்றாம் வீடு. புது வேலை வந்துகொண்டே இருக்கும்வரை இந்தச் சுழற்சி ஓடும். பண்டிகை முடிந்து வேலை குறைந்ததும் நின்றுவிடும். அந்தச் சமயத்தில் யார் வீட்டுச் சுவர் திறந்து கிடக்கிறதோ அவர்தான் நட்டப்படுகிறார். வீட்டுக்காரர்கள் பக்கமும் குறை உண்டு. பாதி வேலையில் டைலை மாற்றச் சொல்வது, பேச்சில் இல்லாத அலமாரியைக் கேட்பது, கடைசித் தவணையைப் பிடித்துக்கொண்டு தர மறுப்பது எல்லாம் நடக்கின்றன. என்ன பேசினோம் என்பதற்குத் தாளில் எதுவும் இல்லாததால் இரண்டு பக்கமும் நியாயம் பேசும், எதையும் நிறுவ முடியாது.

முன்பணம் பாதி என்ற பழக்கமே இதன் வேர். பாதிப் பணம் போனபோது வீட்டில் நடந்திருப்பது இடிக்கும் வேலை மட்டும். பணம் வேலைக்கு முன்னால் ஓடினால் வீட்டுக்காரரிடம் பிடி இருக்காது. அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, கூரை ஏறினால் இவ்வளவு, டைல் முடிந்தால் இவ்வளவு, ஒரு பங்கு எல்லாம் சரிபார்த்த பிறகு என்று பிரித்தால் காண்டிராக்டருக்கும் அடுத்த கட்டத்தை முடிக்க ஓர் அவசரம் இருக்கும். நேர்மையான காண்டிராக்டர் இதற்கு மறுப்பதில்லை. பொருள் வாங்கத்தான் முன்பணம் என்றால், பொருளை வீட்டுக்காரரே கடையில் நேரடியாக வாங்கித் தரலாம்.

சட்டம் ஏழைக்கு உதவாது என்ற அவநம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக உண்டு. இந்த விஷயத்தில் அது முழுக்கச் சரியல்ல. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் முறையான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும், நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும், விலை பேசாவிட்டாலும் நியாயமான விலைதான் வாங்க வேண்டும் என்கிறது. எழுதாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். இதே சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். 2019க்கு முன்பு இந்த வரம்பு 25,000 ரிங்கிட்தான். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைத்து வாதாட இடமில்லை என்பதால், பணம் உள்ளவர் பெரிய வக்கீலோடு வந்து மிரட்டவும் முடியாது. வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, வேலையின் படங்கள் எல்லாம் அங்கே சான்றாக எடுபடும். மூன்றாண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம்.

ஆனால் அந்த 5 ரிங்கிட் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கையில் இருப்பது ஒரு தொலைபேசி எண்ணும் “பாலா அண்ணன்” போல ஒரு கூப்பிடு பெயரும்தான். அடையாள அட்டைப் பெயர் தெரியாது, நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று தெரியாது, லாரியில் எழுதியிருந்த பெயர் வேறு யாருடையதோ. முகவரி தெரியாதவருக்கு எந்த மன்றமும் அழைப்பாணை அனுப்ப முடியாது. போலீசில் புகார் செய்யலாம். ஆனால் ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டியிருப்பதால், பாதி வேலை செய்துவிட்டுப் போனவர்மீது அந்த வழி எளிதில் ஓடாது. ஆகவே முதல் சென் கொடுப்பதற்கு முன் வாங்க வேண்டியது அடையாள அட்டையின் படமும், நிறுவனப் பதிவு எண்ணும், தாமான் பெயரோடு முழு முகவரியும்தான். நிறுவனப் பதிவு எண்ணை மலேசிய நிறுவன ஆணையத்திடம் சரிபார்க்கலாம்.

இன்னொரு பதிவும் இருக்கிறது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியச் சட்டத்தின்படி கட்டுமான வேலை எடுக்கும் குத்தகையாளர் அந்த வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். வீட்டைப் புதுப்பிப்பதும் நீட்டிக் கட்டுவதும் கட்டுமான வேலையில் சேர்த்தி. வாரியம் ஜி1 முதல் ஜி7 வரை தரம் பிரித்திருக்கிறது. சிறு வேலை செய்பவர் ஜி1 ஆக இருந்தாலே போதும். பதிவு இருந்தால் வேலை நன்றாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆளைத் தேடிப் பிடிக்க ஒரு முகவரி இருக்கும் என்பதுதான் அதன் முதல் பயன். அண்மையில் சில விலைப்பட்டியல்களில் ‘எஸ்எஸ்டி 6 விழுக்காடு’ என்ற ஒரு வரியும் தலைகாட்டுகிறது. 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்குச் சேவை வரி வந்தது உண்மை. ஆனால் 12 மாதத்தில் 15 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் தொழில் செய்பவர்தான் சுங்கத்துறையில் பதிய வேண்டும். பதியாதவருக்கு அந்த வரியை வாங்க உரிமை கிடையாது. பதிவு எண்ணைக் கேட்டாலே பல பட்டியல்களில் அந்த வரி காணாமல் போய்விடும்.

அடுத்தது ஊராட்சி மன்ற அனுமதி. “பக்கத்து வீட்டுக்காரன் எடுத்தானா?” என்று கேட்டுக் கைகழுவிவிடும் விஷயம் இது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. பின்பக்கம் நீட்டுவதும் இதில் அடங்கும். அனுமதி இல்லாமல் கட்டியதை இடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால், அது வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். காண்டிராக்டர் அதற்குள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். வீட்டை விற்கும் நாளிலும், பிள்ளை பெயருக்கு மாற்றி வங்கிக் கடன் கேட்கும் நாளிலும் இது மறுபடி தலைதூக்கும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், அனுமதி இல்லாத பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். முப்பதாயிரம் போட்டுக் கட்டியது விலையில் ஒரு சென்கூட ஏற்றாமல் போகும்.

அனுமதி கேட்கும் வழியில் இன்னொரு நன்மையும் உண்டு: யாராவது ஒருவர் வரைபடத்தைப் பார்ப்பார். பழைய இணைப்பு வீடுகளின் பின்கட்டில் கழிவுநீர் மேன்ஹோல் இருப்பது வழக்கம். அதன்மேல் சிமெண்டு போட்டு டைல் ஒட்டிய வீடுகள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கின்றன. அடைப்பு வரும் நாளில் புதுச் சமையலறைத் தரையைத்தான் உடைக்க வேண்டும். மண்ணும் பார்க்க வேண்டிய ஒன்று. கிள்ளான் பக்கத்துக் களிமண்ணிலும், கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய நிலத்திலும் பழைய வீடு ஒரு விதமாக நிற்கும், புதிதாக ஒட்டிய பகுதி வேறு விதமாக இறங்கும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்துக் கட்டினால் சேருமிடத்தில் விரிசல் விழும், மழைக்காலத்தில் அதன் வழியே நீர் இறங்கும். அதைப் பூசிப் பூசி மறைப்பது ஆண்டுதோறும் ஒரு செலவு.

கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்து ‘ஓபன் கான்செப்ட்’ ஆக்குவது இப்போதைய மோகம். அந்தச் சுவர் மேல்பாரம் தாங்குகிறதா என்று தெரியாமல் சுத்தியலைத் தூக்கக் கூடாது. பாரம் தாங்கும் சுவரானால் பொறியாளர் கணக்குப் போட்டு உத்தரம் கொடுக்க வேண்டும். அது போகட்டும், மிளகாய் தாளிக்கும் வீட்டுக்குச் சுவர் இல்லாத சமையலறை சரிப்படுமா என்பதும் ஒரு கேள்வி. பல வீடுகளில் ஆறு மாதத்தில் பின்னால் தகரம் இறக்கி இன்னொரு ‘வெட் கிச்சன்’ போட்டுவிடுகிறார்கள். முன்னால் உள்ள அழகான அடுப்பில் தேநீருக்கு வெந்நீர் மட்டும் கொதிக்கிறது. கூடத்திலும் இதே கதை. நம் வீடுகளில் பெண் பார்க்க வருவோர் உட்காருவதும், பூசை நடப்பதும், இறந்தவரைக் கிடத்துவதும் கூடத்தில்தான். சுவர் முழுக்கத் தொலைக்காட்சி அலமாரி, அசைக்க முடியாத சோபா என்று நிரப்பிவிட்டால், அந்த நாள்களில் இருபது பேர் தரையில் உட்கார இடம் இருக்காது. பளபளக்கும் டைல், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு வழுக்கும். படம் பிடித்தால் நன்றாக இருக்கும் மேல் அலமாரி அவர் கைக்கு எட்டாது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ இருக்க, அந்த வீட்டில் அன்றாடம் புழங்கப் போவது அவர்தான்.

மின்சாரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு மின்விசிறி, நான்கு விளக்கு, ஒரு தொலைக்காட்சி என்று கணக்கிட்டுப் போட்ட கம்பியில் இன்று குளிர்சாதனம், நீர்ச்சூடேற்றி, மின் அடுப்பு எல்லாம் தொங்குகின்றன. கேபினெட்டுக்குப் பணம் போட்டுவிட்டு, பழைய கம்பியையே புதுச் சுவருக்குள் மூடிவிடுகிறார்கள். டைல் ஒட்டும் ஆளே இணைப்பும் கொடுத்துவிடுவது இன்னும் மோசம். இந்த வேலையை எரிசக்தி ஆணையச் சான்றிதழ் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, நீர்ச்சூடேற்றிக்கு 10 மில்லி ஆம்பியர் அளவில் தனியாக இருக்க வேண்டும். அந்தக் கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கும் பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? கூரைப் பக்கமும் ஓர் எச்சரிக்கை: சில பழைய வீடுகளின் கூரைத் தகடும் உட்கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. அந்தத் தூசி புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் சுத்தியலால் உடைத்து வாசலில் குவிப்பது பெருந்தவறு.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பின்னால் நீட்ட இடமில்லை, ஆனால் வேறு ஆபத்து உண்டு. நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. சமையலறைத் தரையைக் கொத்தி டைல் மாற்றும்போது அடியிலுள்ள நீர்த்தடுப்பு கெட்டுவிட்டால் கீழ்வீட்டு உட்கூரையில் ஒழுகும். அப்படி ஒழுகினால், வேறு காரணம் நிறுவப்படாதவரை மேல்வீட்டில்தான் குறை என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் படித்தவர்களுக்கே தலைசுற்றும் விஷயங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் போன ஒருவரிடம் மலாய்ப் படிவத்தை நீட்டி, சட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. வேலை விவரம், டைலின் அளவும் விலையும், தவணைகள், முடிக்கும் நாள், அனுமதி யார் எடுப்பது, இடிபாட்டை யார் அகற்றுவது, இரு தரப்பின் அடையாள அட்டை எண், கையெழுத்து என்று ஒரே பக்கத்தில் தமிழும் மலாயும் அருகருகே இருக்கும் ஒரு மாதிரிச் சீட்டைத் தயாரிப்பது எந்த இயக்கத்துக்கும் பெரிய வேலை அல்ல. சேமநிதி பற்றியும் சொக்சோ பற்றியும் கோயில் மண்டபங்களில் விளக்கக் கூட்டம் நடத்துபவர்கள் இதற்கும் ஒரு மாலையை ஒதுக்கலாம். ஜூலைக்குள் நடத்துவது நல்லது. ஆகஸ்டில் முன்பணம் கைமாறிவிடும்.